மாஸ்டருக்குப் பேப்பர் இல்லை

சென்னையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கடையில் ஒரு பரோட்டா மாஸ்டர் இருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லைப் பற்றவைத்தால் இரவு பன்னிரண்டுக்குள் அறுநூறு பரோட்டா போட்டு இறக்குவார். அவர் வீசும் மாவுக்குப் பின்னால் யாராவது நின்றால் சட்டையின் நிறம் தெரியும், அவ்வளவு மெலிசு. கடையில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கு அண்ணன். மூன்று வருடமாக வாட்சப்பில் அவர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, ஸ்பான்சர் பண்ற கடை எதாவது மாட்டுச்சா?"

நான் 2022 கடைசியில் இங்கிலாந்துக்கு வந்தேன். லெஸ்டர் பக்கம் ஒரு தென்னிந்தியச் சமையலறையில் தொடங்கி, இப்போது வேறு ஒரு ஊரில் ஹோட்டல் கிச்சனில் இருக்கிறேன். வந்ததில் இருந்து இந்தக் கேள்வி நிற்கவில்லை. கேட்டரிங் முடித்த தம்பிகள், என்னோடு கமியாக, அதாவது கடைநிலைச் சமையல்காரர்களாக இருந்தவர்கள், அம்மாவுக்குத் தெரிந்தவரின் மருமகன் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து நிமிட வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வந்த கதவு இப்போது மூடப்பட்டுவிட்டது. எப்படி மூடியது என்று பின்னால் வருகிறேன். ஆனால் அந்தக் கதவைத் தேடி அலைந்தபோது தெரிந்துகொண்டது வேறு நாட்டுக் கதவுக்கும் உதவும். யாரும் நம் சமையலைப் பார்த்து விசா தருவதில்லை. சமைத்தோம் என்பதற்கான காகிதத்தைப் பார்த்துத்தான் தருகிறார்கள். நம் ஊர்ச் சமையலறையிலோ, எதற்குமே காகிதம் கிடையாது.

என் கதை சாதாரணக் கதைதான். திருச்சி பக்கம் ஊர். மூன்று வருட கேட்டரிங் டிப்ளமோ. மாஸ்டர் அண்ணன் இருந்த கடையில் இரண்டு வருடம், அப்புறம் ஒரு நட்சத்திர ஹோட்டலில் கமி த்ரீயாகச் சேர்ந்து ஆறு வருடத்தில் சிடிபி, அதாவது ஒரு பிரிவுக்குப் பொறுப்பான சமையல்காரர். தென்னிந்திய செக்‌ஷன் முழுக்க என் பொறுப்பு. சம்பளம் பெரிதாக ஏறவில்லை. தங்கை கல்யாணக் கடன் இருந்தது. கூட வேலை செய்த ஒருவன் கப்பலுக்குப் போனான், இன்னொருவன் துபாய்க்குப் போனான். எனக்கு லண்டன் மேல் ஒரு கிறுக்கு. அதற்குக் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஸ்பான்சர்ஷிப் என்றால் ஓனர் கொடுக்கும் ஒரு கடிதம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பிரிட்டனில் வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க வேண்டுமானால் கடைக்காரர் முதலில் உள்துறையிடம் (ஹோம் ஆபீஸ்) ஸ்பான்சர் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் கிடைத்த பிறகு, இன்ன ஆள், இன்ன வேலை, இன்ன சம்பளம் என்று சொல்லி, நம் பெயருக்கு ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் எடுக்க வேண்டும். எல்லோரும் 'சிஓஎஸ்' என்று சொல்வது அதைத்தான். பெயர்தான் சான்றிதழ், உண்மையில் அது கணினியில் இருக்கும் ஒரு பதிவு. நம் கைக்கு வருவது ஒரு எண் மட்டும். அந்த எண்ணை வைத்து மூன்று மாதத்துக்குள் 'ஸ்கில்ட் வொர்க்கர்' என்ற வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் இல்லாத ஓனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், நம் சாம்பாரைச் சாப்பிட்டுக் கண்கலங்கினாலும், அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. உரிமம் உள்ள எல்லாக் கம்பெனிகளின் பட்டியலையும் பிரிட்டிஷ் அரசே இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறது. 2021 கடைசியில் ஒரு நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து அதை டவுன்லோடு செய்தேன். திறந்து பார்த்தால் தலை சுற்றியது. பல்லாயிரம் வரிகள். கம்பெனி பெயர், ஊர், உரிமத்தின் தரம், எந்த விசாப் பிரிவு, அவ்வளவுதான். அது ஹோட்டலா, மருத்துவமனையா, சாஃப்ட்வேர் கம்பெனியா என்று எதுவும் இருக்காது. போன் நம்பரும் இருக்காது.

ரெஸ்டாரன்ட், ஃபுட்ஸ், கேட்டரிங், கிச்சன், தோசா, ஸ்பைஸ் என்று ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடினேன். அதிலும் ஒரு சிக்கல். போர்டில் இருக்கும் கடைப் பெயர் வேறு, கம்பெனியாகப் பதிந்திருக்கும் பெயர் வேறு. ஒரு நல்ல தோசைக்கடையின் கம்பெனிப் பெயர் ஓனருடைய மகளின் பெயராக இருக்கும். பட்டியலில் அதைப் பார்த்தால் துணிக்கடை என்றுதான் நினைப்போம். இதற்கும் வழி இருக்கிறது. கம்பெனீஸ் ஹவுஸ் என்று அந்நாட்டின் கம்பெனிப் பதிவேடு, அதுவும் இலவசம். கம்பெனி பெயரைப் போட்டால் எந்த வருடம் தொடங்கியது, யார் டைரக்டர், கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்கிறார்களா, எல்லாம் வரும். கூடவே ஒரு தொழில் எண்ணும் வரும். 56101 என்றால் மது உரிமம் உள்ள உணவகம், 56102 என்றால் உரிமம் இல்லாத உணவகம் அல்லது கஃபே, 56103 என்றால் டேக்‌அவே. அந்த மூன்று எண்ணும் எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் வரும்.

அடுத்ததாகச் சுகாதார மதிப்பெண். அங்கே ஒவ்வொரு உணவகத்துக்கும் உள்ளாட்சி ஆய்வாளர் வந்து பார்த்து 0 முதல் 5 வரை மார்க் போடுவார். அதையும் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். 1, 2 வாங்கிய கடைகளை நான் அடித்துவிட்டேன். தன் கிச்சனையே சுத்தமாக வைக்காத ஓனர் என் ரூமை எப்படி வைப்பார்? நாலு மாதம் இதையே செய்து கடைசியில் நூற்றுச் சொச்சம் கடை மிஞ்சியது. என் ரூம்மேட் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊருக்கே போன் செய்து சொன்னான்.

இந்த வேலை ஒருமுறை என்னைக் காப்பாற்றியது. சென்னையில் ஒரு ஏஜென்ட் பன்னிரண்டு லட்சம் கேட்டார். நாலு லட்சம் முன்பணம், மிச்சம் விசா அடித்ததும். ஏசி ஆபீஸ், சுவரில் பிக் பென் படம், எனக்கு முன்னால் இருவர் செக் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஸ்பான்சர் பெயரைக் காட்டினார். பட்டியலில் பார்த்தேன், இருந்தது, தரமும் சரி. வீட்டுக்கு வந்து கம்பெனிப் பதிவேட்டில் போட்டால் தொழில் எண் 62020. கணினி ஆலோசனை! சுகாதாரப் பதிவில் அந்த முகவரியில் அடுப்பே கிடையாது. மறுநாள் ஏஜென்ட்டிடம் கேட்டேன். "அவங்களுக்கு ரெஸ்டாரன்டும் இருக்கு தம்பி, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றார். நான் யோசித்ததால் நாலு லட்சம் மிஞ்சியது. முன்னால் உட்கார்ந்திருந்த அந்த இருவரையும் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சான்றிதழ் எடுக்க ஓனருக்கு அன்றைக்கு ஆன அரசுக் கட்டணம் 199 பவுண்டு. பன்னிரண்டு லட்சத்துக்கும் 199 பவுண்டுக்கும் நடுவில் எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓனர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2022 கணக்குப்படி சின்னக் கடைக்கு உரிமத்துக்கு 536 பவுண்டு, சான்றிதழுக்கு 199, அப்புறம் வெளிநாட்டு ஆளை எடுப்பதற்காக வருடத்துக்கு 364 பவுண்டு திறன் வரி. மூன்று வருடத்துக்கு ஒரு ஆளை எடுத்தால் மொத்தம் 1,827 பவுண்டு, வக்கீல் செலவு தனி. அந்தத் திறன் வரியைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்பது சட்டம். இவ்வளவு செலவு செய்து எடுக்கும் ஆள் பாதியில் ஓடிவிட்டால்? வந்து நின்று சமைக்கத் தெரியாது என்றால்? அந்தப் பயம் அவர்களுக்கு நியாயமாகவே உண்டு. நாம் எழுதும் கடிதம் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் முதல் முப்பது கடிதங்கள் எதற்கும் பதில் சொல்லவில்லை. 'கடின உழைப்பாளி, எந்தச் சூழலிலும் பணியாற்றத் தயார்' என்ற ரகம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் எங்கள் ஹோட்டலில் தலைமை செஃபுக்கு அடுத்தவரான சூஷெஃப் ஒருநாள் என் சிவியை வாங்கிப் பார்த்து, "இதைப் படிச்சா நீ செக்யூரிட்டி வேலைக்கும் போகலாம்டா" என்றார். அந்த வார்த்தை உறைத்தது. மாற்றி எழுதினேன். காலை டிஃபனுக்கு 300 பேர், தோசைக்கல் இரண்டு, எனக்குக் கீழே நாலு பேர், மாவு நானே போடுவேன், ஐட்டத்துக்கு ஐட்டம் காஸ்ட்டிங் நானே எழுதுவேன், மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நடத்தும் ஃபாஸ்டாக் பயிற்சி முடித்த சான்றிதழ் இருக்கிறது என்று கணக்காக எழுதினேன். ஒவ்வொரு கடையின் மெனுவையும் இணையத்தில் படித்து, அதில் எந்த ஐட்டத்தை அவர்கள் போடவில்லையோ அதை ஒரு வரி சேர்த்தேன். ஆப்பம் இல்லாத கடைக்கு ஆப்பம், இடியாப்பம் இல்லாத கடைக்கு இடியாப்பம்.

எழுதிய நூற்றுச் சொச்சம் கடையில் ஏழு பதில் வந்தது. ஏழு பேரிடமும் பேசினேன். பேசிய ஐந்து நிமிடத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். மூன்று பேர் முதல் கேள்வியாக "எவ்வளவு போட முடியும்?" என்றார்கள். ஒருவர் சம்பளம் வங்கியில் முழுதாக விழும், மாதாமாதம் 600 பவுண்டு கையில் திருப்பித் தர வேண்டும் என்று பச்சையாகச் சொன்னார். இரண்டு பேர் பேசிவிட்டுக் காணாமல் போனார்கள்.

ஏழாவது ஆள் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருப்பவர். வீடியோ காலில் வந்தவர் சிவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தம்பி, இஞ்ச டிசம்பரில மா புளிக்காது. நீங்கள் என்ன செய்வியள்?"

எனக்குப் போன உயிர் வந்தது. ஊற வைக்கும் தண்ணீரையே வெதுவெதுப்பாக எடுப்பேன், வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டுவேன், அரைத்த மாவை அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வைப்பேன், காம்பி ஓவன் இருந்தால் 30 டிகிரியில் ஆவியோடு வைப்பேன், உப்பைக் கையால் கலப்பேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "கையால ஏன்?" என்றார். கைச்சூடு என்றேன். சிரித்தார். அடுத்து, பத்து கிலோ அரிசிக்கு எத்தனை கிலோ உளுந்து, அந்த ஊர் உளுந்து பழசாக இருந்தால் என்ன செய்வாய், வெள்ளிக்கிழமை ராத்திரி தோசைக்காரன் வராவிட்டால் மெனுவில் எதை நிறுத்துவாய் என்று முக்கால் மணி நேரம். வேலையைப் பற்றிக் கேட்பவர் வேலைக்கு ஆள் தேடுகிறார். பணத்தைப் பற்றிக் கேட்பவர் பணம் தேடுகிறார். ஸ்பான்சரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

வேலை கிடைத்த பிறகுதான் காகிதப் போராட்டம்.

பிரிட்டனின் வேலைப் பட்டியலில் 'செஃப்' வேறு, 'குக்' வேறு. செஃபுக்கு எண் 5434, குக்குக்கு 5435. குக்குக்கு இந்த விசா கிடையாது. மெனு போடுவது, ஆளை மேய்ப்பது, பொருள் வாங்குவது எல்லாம் செய்பவர் செஃப், சொன்னதைச் சமைப்பவர் குக் என்று அவர்கள் கணக்கு. என் ஹோட்டல் ஆர்டரில் நான் இன்னும் கமிதான். ப்ரமோஷன் கடிதம் வாயால் வந்தது, காகிதத்தில் வரவில்லை. எச்ஆர் கொடுத்த அனுபவச் சான்றிதழில் 'உணவுத் தயாரிப்புப் பிரிவு ஊழியர்' என்று போட்டிருந்தது! அதை மாற்றி, பதவி, செக்‌ஷன், பொறுப்புகள், எத்தனை பேர் கீழே என்று எழுதி வாங்க ஐந்து வாரம் நடந்தேன். என்னைக் காப்பாற்றியது பிஎஃப் கணக்கு. ஆறு வருடமும் மாதாமாதம் பணம் கட்டிய பதிவு, அதே தேதியில் வங்கியில் விழுந்த சம்பளம், இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. நட்சத்திர ஹோட்டலில் சேர்ந்ததால் இது கிடைத்தது. முதல் கடையில் வேலை பார்த்த இரண்டு வருடத்துக்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அதை சிவியில் இருந்தே எடுத்துவிடச் சொன்னார் வக்கீல். பரோட்டா, சால்னா, கொத்து எல்லாம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஆங்கிலத் தேர்வு பெரிய மலை இல்லை. ஐஇஎல்டிஎஸ் யுகேவிஐயில் ஒவ்வொரு பிரிவிலும் 4 எடுத்தால் போதும் என்பது அன்றைய விதி. எழுத்துப் பகுதியில்தான் கை நடுங்கியது. ஒரு பத்திக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதி எவ்வளவு காலம்! காசநோய்ப் பரிசோதனை சென்னையிலேயே முடிந்தது. விசாக் கட்டணம் 625 பவுண்டு, மருத்துவ வரி வருடத்துக்கு 624 வீதம் மூன்று வருடத்துக்கு 1,872. இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ரூபாய், அதுவும் மொத்தமாக முன்கூட்டியே. அம்மாவின் வளையல் போனது. ஏஜென்ட் இல்லாமல் போனாலும் செலவு செலவுதான். இலவசமாகப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வருடச் சம்பளம் 25,600 பவுண்டு என்று சான்றிதழில் இருந்தது. அன்றைக்கு அதுதான் குறைந்தபட்ச வரம்பு. ஒரு பவுண்டுகூட மேலே இல்லை.

வேலையைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. கிச்சன் எங்கேயும் கிச்சன்தான். குளிர் அதிகம், வெங்காயம் இனிப்பு, பிளேட் கழுவும் பையன் முதுகலைப் பட்டம் படிக்கிறான். ஓனர் நல்ல மனிதர், சம்பளம் சொன்ன தேதியில் வந்தது. 2024 தொடக்கத்தில் ஒருநாள் இரவு கடை சாத்தும்போது கூப்பிட்டு, முழங்கால் போய்விட்டது, கடையை விற்கப்போகிறேன் என்றார். வாங்குகிறவருக்கு ஸ்பான்சர் உரிமம் இல்லை.

இந்த விசாவில் நம் உயிர் கடையோடு கட்டியிருக்கிறது. வேலை போனால் ஓனர் உள்துறைக்குச் சொல்ல வேண்டும். உள்துறை நம் விசாவைச் சுருக்கிக் கடிதம் அனுப்பும். பொதுவாக 60 நாள். அதற்குள் இன்னொரு உரிமம் உள்ள கடை நமக்குப் புதிதாகச் சான்றிதழ் எடுத்து, நாம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். ஓனரை எதிர்த்துப் பேசாமல், மாதம் 600 பவுண்டு திருப்பிக் கொடுத்துக்கொண்டு, வாரம் 70 மணி நேரம் நிற்பவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த 60 நாள்தான் பதில். நான் பழைய எக்செல் கோப்பை மறுபடி திறந்தேன். இந்த முறை பஸ் பிடித்து நேரிலேயே போனேன், டிபன் பாக்ஸில் என் சாம்பார்ப்பொடியோடு. நாற்பத்தெட்டாவது நாள் இப்போதிருக்கும் ஹோட்டல் கிடைத்தது. அந்த ஏப்ரல் 4 முதல் புதிதாக வருபவருக்கு வரம்பை 38,700 பவுண்டு என்று ஏற்றியிருந்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த எங்களுக்கு 29,000. அந்த வித்தியாசத்தில் தப்பித்தேன்.

இனி மாஸ்டர் அண்ணன்.

2023 நடுவில், கடையை விற்கும் யோசனை வருவதற்கு முன்னால், ஓனர் பரோட்டாவுக்கு ஒரு கை வேண்டும் என்றார். அங்கே ஃப்ரோசன் பரோட்டாதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் துள்ளிக் குதித்துச் சொன்னேன், ஒரு ஆள் இருக்கிறார், இருபது வருட அனுபவம், அவர் வந்தால் லெஸ்டரில் வரிசை நிற்கும் என்று. அண்ணன் அனுப்பியிருந்த வீடியோவையும் காட்டினேன். ஓனர் மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

"சரி தம்பி, எடுப்பம். அவற்ற பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் கடை மாடியில் அவர் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறேன். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். மாஸ்டர் என்று தவிர யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. என் போனிலும் 'மாஸ்டர் அண்ணன்' என்றுதான் இருக்கிறது.

பெயர் கிடைத்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. இருபது வருடத்தில் பதினோரு கடை. எல்லா இடத்திலும் கல்லாவில் இருந்து தினக்கூலி, ராத்திரி பேட்டா. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பிஎஃப் பிடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கடைகளின் பதிவேட்டில் எப்போதும் பத்தொன்பது பேர்தான் இருப்பார்கள் போலிருக்கிறது. வங்கிக் கணக்கில் நூறு நாள் வேலைக்கான அக்காவின் பணம் மட்டும் வந்து போயிருந்தது. ஒரு பழைய முதலாளியிடம் அனுபவச் சான்றிதழ் கேட்டால், "உனக்கு எதுக்குய்யா சர்ட்டிபிகேட், உன் கைதான்யா சர்ட்டிபிகேட்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். படிப்பு எட்டாவது. பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும் என்ற முத்திரை இருக்கிறதே என்று அண்ணன் அதற்கு வேறு பயந்தார். அது வளைகுடா, மலேசியா என 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான், பிரிட்டனுக்கும் சிங்கப்பூருக்கும் அந்த முத்திரை தடையில்லை என்று சொன்னேன். ஆங்கிலத் தேர்வுக்கு ஒரு டியூஷன் வேறு சேர்ந்தார். சமையலறை ஆங்கிலம் எல்லாம் பேசுவார், எழுதத்தான் வரவில்லை.

"கடுதாசி இல்லாட்டி ஹோம் ஆபீஸ் விடாது தம்பி" என்று ஓனர் கையை விரித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. உள்துறை கேட்டால் இந்த ஆள் செஃப்தான் என்று காட்ட வேண்டியது அவர். பொய்ச் சான்றிதழ் தயாரித்துத் தருகிறேன் என்று ஊரில் ஒருவர் பதினைந்தாயிரம் கேட்டார். அண்ணன் என்னிடம் யோசனை கேட்டபோது வேண்டாம் என்றேன். மாட்டினால் பத்து வருடம் அந்த நாட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அப்புறம் 38,700 வந்தது. எந்தச் சின்னக் கடை பரோட்டாவுக்கு அந்தச் சம்பளம் கொடுக்கும்? 2025 ஜூலை 22 அன்று மொத்தமாக மூடினார்கள். பட்டப்படிப்பு அளவிலான வேலைகளுக்குத்தான் இனி இந்த விசா என்று வரம்பை உயர்த்த, செஃப் வேலை பட்டியலில் இருந்தே போனது. சரியாக இரண்டு நாள் கழித்து, ஜூலை 24, இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதில் இந்தியச் சமையல் வல்லுநர்கள், யோகா ஆசிரியர்கள், சாஸ்திரிய இசைக் கலைஞர்கள் எல்லோருக்கும் சேர்த்து வருடத்துக்கு 1,800 இடம், ஒப்பந்த வேலையாக. அண்ணன் செய்தியைப் பார்த்துவிட்டு, "நம்ம பேரும் வந்திருக்கே தம்பி" என்று சந்தோஷமாகப் போன் செய்தார். பாடகரும் யோகா மாஸ்டரும் பரோட்டா மாஸ்டரும் ஒரே வரிசையில் நிற்கும் காட்சியை நினைத்து இருவரும் சிரித்தோம். அந்த வரிசையிலும் காகிதம்தான் கேட்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

உள்ளே இருக்கும் எங்களுக்கும் நிம்மதி இல்லை. ஐந்து வருடம் ஓட்டினால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை என்று நம்பி வந்தோம். 2025 நவம்பரில் அரசு வெளியிட்ட திட்டத்தில் பட்டத்துக்குக் கீழான வேலைக்காரர்களுக்கு அதைப் பதினைந்து வருடம் என்று போட்டிருந்தார்கள். படித்த அன்று இரவு நான் போட்ட தோசை ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

மற்ற நாடுகளைக் கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஜெர்மனியில் 'சிறப்புச் சமையல்காரர்' என்று தனி வழி இருக்கிறது. ஒரு வெளிநாட்டின் உணவையே முக்கியமாகப் போடும் கடைக்கு, அதே வெளிநாட்டு ஆளை எடுக்கலாம். முதலில் ஒரு வருடம், மொத்தம் நாலு வருடம். முடிந்ததும் திரும்பிவிட வேண்டும், மறுபடி அதே வழியில் வர மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். என் ஜூனியர் ஒருவன் அப்படிப் போயிருக்கிறான். பணம் சேர்க்க நல்லது, வேர் விட முடியாது என்கிறான். ஜப்பானில் வெளிநாட்டுச் சமையல் செஃப் விசாவுக்குப் பத்து வருட அனுபவம் காட்ட வேண்டும். அங்கேயும் காகிதம், அதுவும் பத்து வருடத்துக்கு. ஆஸ்திரேலியாவில் செஃப் வேலை இன்னும் பட்டியலில் இருக்கிறது, 2024 கடைசியில் இருந்து ஒரு வருட அனுபவம் போதும் என்று குறைத்திருக்கிறார்கள். ஆனால் சம்பளம் 2025 ஜூலை கணக்குப்படி வருடத்துக்கு 76,515 டாலருக்குக் குறையக்கூடாது. சிடிபி அளவில் இருக்கும் தம்பிகள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஏஜென்ட் பெயரை மத்திய அரசின் இ‌மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும், அதற்கு மேல் இல்லை.

அண்ணனுக்கு நான் பார்த்துவைத்திருப்பது சிங்கப்பூர். 2023 செப்டம்பரில் இருந்து அங்கே இந்திய உணவகங்கள் நம் ஊர்ச் சமையல்காரர்களை வொர்க் பெர்மிட்டிலேயே எடுக்க முடிகிறது. 2025 செப்டம்பரில் அதை மற்ற உணவகங்களுக்கும் திறந்துவிட்டார்கள். மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். செஃப், குக் என்ற சண்டை அங்கே இல்லை, குக் என்றே கூப்பிட்டுக் குக் என்றே எடுக்கிறார்கள். அந்த ஊர் சட்டப்படி ஏஜென்ட் வாங்கலாம் என்பது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம். நம் ஊரில் அதே வேலைக்கு மூன்று லட்சம் கேட்கிறார்கள் என்று அண்ணன் சொன்னார். ஐபிஏ என்ற முன் ஒப்புதல் கடிதம் வந்தால் பணத்தைத் தொடுவதற்கு முன் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மனிதவள அமைச்சின் தளத்தில் சரிபார்த்துவிடலாம்.

அதோடு இன்னொன்றும் சொன்னேன். இப்போதிருக்கும் கடையை விட்டு, சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை, பிஎஃப் பிடிக்கிற கடையாகப் பார்த்துச் சேருங்கள் என்று. அண்ணனுக்கு மனசே இல்லை. பேட்டா போய்விடுமே என்று ஒரு மாதம் இழுத்தார். அப்புறம் தாம்பரம் பக்கம் ஒரு பெரிய கடையில் சேர்ந்தார்.

போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். சம்பளச் சீட்டு. வாழ்க்கையில் முதல் சீட்டு, நாற்பத்துநாலு வயதில். லேமினேட் செய்திருந்தார். பெயர், பிஎஃப் எண், வங்கி எண், பிடித்தம், கையில் வருவது எல்லாம் சரியாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பதவி என்ற இடத்தில் 'ஹெல்பர்' என்று அச்சாகியிருந்தது.

உடனே போன் செய்தேன். அண்ணே, எச்ஆரிடம் சொல்லி அதை முதலில் மாற்றுங்கள், பரோட்டா மாஸ்டர் என்றோ குக் என்றோ போடச் சொல்லுங்கள் என்றேன்.

"அதுல என்னப்பா இருக்கு, எல்லாருக்கும் தெரியும்ல நான் மாஸ்டர்னு" என்றார். பின்னால் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. கூட்டம் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.